குழாய்க்குள் பாலாற்று மணல்

ஃபஹாஹீலில் அபூ ஃபஹத்தின் கார் பட்டறையில் பதினாறு பேர் வேலை பார்த்தார்கள். கார்மேகத்தின் பெருமையைக் கேட்டுக் காது புளிக்காதவர் அந்தப் பதினாறு பேரில் ஒருவரும் இல்லை.

மானாமதுரைக்காரர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். பத்து வயதில் மெட்ராஸுக்கு ரயிலேறி, புதுப்பேட்டையில் அடியும் உதையும் வாங்கி வெல்டிங் கற்றுக்கொண்டு, நாற்பத்தைந்து வயதில் குவைத்தில் தலை வெல்டராக நின்றார். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. தானே ஏறி வந்த ஆள். அதை அவரே ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லிவிடுவதால் மற்றவர்கள் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, கையில் சரக்கு இருந்தது. அவர் வைத்த ஒட்டைத் தேய்த்துப் பெயின்ட் அடித்துவிட்டால் ஒட்டு எங்கே என்று அவரே தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தொல்லை என்னவென்றால், கையைவிட வாய் நீளம். "கப்பலுக்கு அடியில ஓட்டை. எவனாலயும் முடியல. கூப்பிடுறா கார்மேகத்தைன்னான் ஷேக்கு" என்று ஆரம்பிப்பார். அந்தக் கப்பல் முதல் முறை சொன்னபோது மீன்பிடிப் படகாக இருந்தது. மூன்று வருடத்தில் எண்ணெய்க் கப்பலாக வளர்ந்துவிட்டது. அதனால் அவர் எதைச் சொன்னாலும் பட்டறை தலையாட்டும், நம்பாது.

அவருக்குக் கையாளாக இருந்தவன் அழகுமலை. அவனும் மானாமதுரைப் பக்கம்தான், நாற்பது வயது. புதுப்பேட்டைக் காலத்திலிருந்தே கார்மேகத்தின் பின்னால் வந்தவன். அபூ ஃபஹத்திடம் சொல்லி அவனுக்கு விசா எடுக்க வைத்ததும் கார்மேகம்தான். அந்த ஒன்றுக்காக அவனை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்பது அவர் எண்ணம். பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. "மணலிடிச்சான்" என்பார்.

இரும்புக் குழாயை வெறுமனே சூடாக்கி வளைத்தால் வளைவில் நசுங்கிவிடும். காய்ந்த மணலை உள்ளே நிரப்பி, இரண்டு முனையையும் கட்டையால் அடைத்து, அதற்குப் பிறகுதான் நெருப்பில் வைப்பார்கள். மணல் இறுக வேண்டுமானால் குழாயை நிறுத்திவைத்து வெளியிலிருந்து தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காலையில் தொடங்கினால் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும். புதுப்பேட்டையில் அது அழகுமலையின் வேலை. பெயர் அங்கே ஒட்டியது, கடலைத் தாண்டியும் கூடவே வந்துவிட்டது. பட்டறையில் இருந்த பாகிஸ்தானிகளும் பாலஸ்தீனக்காரரும்கூட அர்த்தம் தெரியாமல் அவனை "மணலி, மணலி" என்று கூப்பிட்டார்கள்.

எழுபத்தாறாம் வருடக் கோடையில் அழகுமலை ஒரு காரியம் செய்தான். சூப்பர்வைசர் கலீலுர் ரஹ்மானிடம் போய், தன்னையும் வெல்டராகப் போடச் சொல்லிக் கேட்டான். கலீலுர் ரஹ்மான் கீழக்கரைக்காரர், யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். "கார்மேகம் அண்ணன் பாத்து ஓகேன்னா எனக்கென்ன" என்றுவிட்டார். அழகுமலை ஒரு தகட்டில் ஒட்டு வைத்துக் கொண்டுவந்தான். கார்மேகம் அதைக் கையில் வாங்கவில்லை. தரையில் போடச் சொன்னார். எல்லாரும் டீ குடிக்கிற நேரம் பார்த்து, சம்மட்டியால் ஒரே போடு. தகடு இரண்டாகத் தெறித்தது.

"காக்கா எச்சம் மாதிரி வெச்சிருக்கான். இவனுக்கு வெல்டர் வேலை வேணுமாம். போய் மணலை இடிடா."

டீக் குவளைகளுக்கு மேலாகச் சிரிப்பு எழும்பியது. அழகுமலையும் சிரித்தான். தகட்டின் இரண்டு துண்டையும் பொறுக்கிக்கொண்டு போய்த் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

பட்டறையின் பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு கார் கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் பம்பாயிலிருந்து லாஞ்சுப் படகில் பழைய சாமான்களோடு வந்து இறங்கியது. ஒற்றை ஆள் மட்டும் உட்காரும் பந்தய வண்டி. நாலு சக்கரமும் உடம்புக்கு வெளியே, மட்கார்டு இல்லாமல், வெட்டுக்கிளிக் கால் மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்த முதல் நாளே கார்மேகம், "இந்த மாதிரி வண்டி ஒண்ணு மெட்ராஸ்ல நான் செஞ்சு கொடுத்தேன்" என்றார். "பிளேன் எப்பண்ணே செஞ்சீங்க?" என்று கலீலுர் ரஹ்மான் கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்தக் காரின் பூர்வீகத்தைத் தோண்டியவர் சேதுராமன். அஹ்மதியில் எண்ணெய்க் கம்பெனி இன்ஜினீயர். சொந்த ஊர் வாலாஜாபேட்டை. மற்றவர்கள் வெள்ளிக்கிழமை கடற்கரைக்குக் குடும்பத்தோடு போனால், இவர் நீல நிற ஃபைலைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வருவார். எஞ்சினில் இருந்த நம்பரைக் குறித்துக்கொண்டு லண்டனுக்கு எழுதினார், பம்பாய்க்கு எழுதினார், கொழும்புக்கு எழுதினார். பதில் வர மாதக்கணக்கில் ஆகும். வந்த ஒவ்வொரு காகிதத்தையும் ஓட்டை போட்டுக் கோர்த்தார். கடைசியில் கதை இப்படி நின்றது: இங்கிலாந்தில் ஒரு சின்னப் பட்டறை 1935-ல் நாலே நாலு பந்தய வண்டி செய்தது. ஊரெல்லாம் தகட்டை மடித்து வண்டியின் அடிச்சட்டம் செய்த காலத்தில் அவர்கள் குழாயை வளைத்துச் செய்தார்கள். மூன்று வண்டிகள் இருக்கும் இடம் தெரியும். நாலாவதை ஒரு தேயிலைத் தோட்டத் துரை கொழும்புக்குக் கொண்டுவந்தான். அது பிறகு மெட்ராஸ் வந்து சோழவரத்தில் பந்தயம் ஓடியது. அறுபத்தொன்றுக்குப் பிறகு காணவில்லை. அந்த நாலாவதுதான் இது.

பழைய பந்தயக் கார்களுக்கென்றே கண்ணாடி மண்டபம் கட்டி வைத்திருக்கும் ஓர் ஆங்கிலேயக் கிழவர், நேரில் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்வதாக எழுதியிருந்தார். கண்டுபிடித்தவர் சேதுராமன் என்று அங்கே புத்தகத்தில் போடுவதாகவும் எழுதியிருந்தார். சேதுராமன் அந்தக் கடிதத்தை ஃபைலில் கோர்க்கவில்லை. சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

கிழவர் வருவதற்குப் பத்து நாள் முன்பு, காரைப் பிரித்துச் சுத்தம் செய்யும் வேலை கார்மேகத்திடம் வந்தது. சட்டத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். குறுக்குக் குழாயின் அடியில், பழைய பெயின்டுக்குக் கீழே விரலுக்கு ஏதோ தட்டியது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். உளியால் வெட்டிய பிள்ளையார் சுழி. வால் கொஞ்சம் நீண்டு, வலப்பக்கம் சாய்ந்து.

எந்த வேலை எடுத்தாலும் முதலில் ஒரு மறைவான இடத்தில் சுழி போட்டுவிட்டுத்தான் அவர் நெருப்பைப் பற்றவைப்பார். அந்த வால் அவர் உளிக்கே உரியது.

சோழவரத்தில் உருண்டு, சட்டம் இரண்டாக ஒடிந்து புதுப்பேட்டைக்கு வந்த வண்டி அவர் கண் முன்னால் வந்து நின்றது. முதலாளி ஒடிந்ததைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசாக ஒரு சட்டம் செய்யச் சொன்னார். கார்மேகம் செய்தார். எஞ்சின் வெள்ளைக்காரனுடையது. மற்றபடி அதைத் தாங்கி நிற்கிற எலும்பு முழுக்க இவர் கை.

"டேய், இங்க வாடா. இதைப் பாரு."

அழகுமலை முட்டி போட்டுக் குனிந்து பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். அவன் முகம் அப்படி மலர்ந்து அந்தப் பட்டறையில் யாரும் கண்டதில்லை.

"நம்ம வண்டிண்ணே" என்றான்.

"நம்ம வண்டியா?" கார்மேகம் நிமிர்ந்தார். "என் வண்டின்னு சொல்லு. மணலிடிச்சவனுக்கெல்லாம் வண்டியில பங்கா?"

அழகுமலை எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டான். "ஆமாண்ணே. உங்க வண்டிதான்" என்றான்.

அந்த வெள்ளிக்கிழமை சேதுராமன் வந்ததும் கார்மேகம் அவரை இழுக்காத குறையாகக் கூட்டிப்போய்ச் சுழியைக் காட்டினார். சேதுராமன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இதை வேற யாருக்காவது காட்டினீங்களா?"

"நம்ம பய ஒருத்தன் பாத்தான். சார், எனக்கு ஒண்ணும் வேணாம். அந்தப் புத்தகத்துல சட்டம் செஞ்சது மானாமதுரை கார்மேகம்னு ஒரு வரி. அம்புட்டுதான். கடல் தாண்டி ஒருத்தன் படிக்கட்டும்."

"புரியாம பேசாதீங்க கார்மேகம். உங்க பேரு இருந்தா இது நாலாவது கார் இல்ல. காயலாங்கடைச் சாமான். அரபிக்குத் தெரிஞ்சா உங்களை முதல்ல விடமாட்டான். பேசாம அதைத் தேய்ச்சு எடுத்துடுங்க."

"பிள்ளையார் சுழியைத் தேய்க்கிற கை வெளங்குமா சார்? நான் தேய்க்க மாட்டேன்."

சேதுராமன் கோபப்படவில்லை. "சரி, விடுங்க. நல்லா வேலை செஞ்சிருக்கீங்க" என்று தோளில் தட்டினார். பெரிய படிப்புப் படித்தவர் தோளில் தட்டிவிட்டார் என்று கார்மேகம் அன்று முழுவதும் அந்தத் தோளைச் சாய்த்துக்கொண்டே திரிந்தார். எழுதிவிடுவார் என்றே நம்பினார்.

எழுபத்தேழு பிப்ரவரியில் கிழவர் வந்தார். குளிர் விடாத காலை. அபூ ஃபஹத் புது வெள்ளை அங்கி போட்டு நின்றார். கார் ஸ்டாண்டுகளின் மேல் உயரத்தில் நிறுத்தப்பட்டுப் பளபளத்தது. கிழவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு குழாயாகத் தடவினார். கூடவே சேதுராமன் ஃபைலைப் புரட்டிப் புரட்டி இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு போனார். கார்மேகம் ஒவ்வொரு வார்த்தையாகக் காது கொடுத்துக் கேட்டார். இங்கிலாந்து வந்தது, கொழும்பு வந்தது, சோழவரமும் வந்தது. புதுப்பேட்டை வரவில்லை. கார்மேகம் வரவில்லை. ஃபைல் மூடியாயிற்று. கிழவர் கையை நீட்டிச் சேதுராமனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சார், என் பேரைச் சொல்லலையே" என்றார் கார்மேகம்.

சேதுராமன் திரும்பவில்லை.

"பாய், நீங்க சொல்லுங்க அவருக்கு. இந்தச் சட்டத்தைச் செஞ்சது நானு."

கலீலுர் ரஹ்மான் தலையைச் சொறிந்தார். "அண்ணே, கப்பலோட நிறுத்திக்கங்கண்ணே. இன்னைக்கு வேணாம்." நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"கப்பல் பொய்யின்னே வெச்சுக்க. இது நெசம். அடியில என் சுழி இருக்கு, வந்து பாரு." கார்மேகம் கலீலுர் ரஹ்மானின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காருக்கு அடியில் போனார். குறுக்குக் குழாயைத் தடவினார். வழவழவென்று இருந்தது. புதுப் பச்சைப் பெயின்ட். விரலைத் திருப்பித் திருப்பித் தேய்த்தார். அந்த இடத்தில் மட்டும் குழாய் ஒரு நூல் பள்ளமாக இருந்தது. யாரோ கிரைண்டர் போட்டிருந்தார்கள்.

வெளியே வந்தபோது அழகுமலையின் முகத்தைப் பார்த்தார். அவன் கிரைண்டர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

தேய்த்தது யார் என்று விளங்கிவிட்டது. ஆனால் அவரிடம் வேறு சாட்சி இல்லை.

"அழகுமலை" என்றார். அந்தப் பட்டறையில் அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. "நீ சொல்லுய்யா. புதுப்பேட்டையில நாம செஞ்சதுதான இது? நீதான மணலு இடிச்ச? இவங்க அத்தனை பேரும் உன்னை மணலின்னுதான கூப்பிடுறாங்க? எதுக்குன்னு சொல்லு."

"அது அண்ணன் சும்மா வெச்ச பேருங்க" என்றான் அழகுமலை, கலீலுர் ரஹ்மானைப் பார்த்து. "கட்டட வேலையில மணல் சலிச்சுக்கிட்டு இருந்தேன், அதுக்காக. இந்த வண்டிய நான் இங்கதான் மொதமொதல்ல பாக்குறேன்."

"ஏலே, நம்ம வண்டிடா."

"நம்ம வண்டியாண்ணே?" என்றான் அழகுமலை. குரலை உயர்த்தவில்லை.

அபூ ஃபஹத்துக்கு விவரம் புரியாவிட்டாலும் வெள்ளைக்காரர் முன்னால் தன் வேலைக்காரன் கத்துவது புரிந்தது. "கலாஸ், போதும். யல்லா, போ வேலைக்கு" என்றார். கார்மேகம் போகவில்லை. அவரிடம் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. உலகத்தில் யாரிடமும் சொல்லாதது. பெருமை பேசியே வளர்ந்த மனிதர் பதினாறு வருடம் வாயைத் திறக்காமல் வைத்திருந்த ஒரே விஷயம் அது.

அன்று புதுப்பேட்டையில் வளைத்து முடித்து மணலைக் கொட்டும்போது, இடது பக்கக் குழாயின் பின்வளைவில் அது கெட்டிப்பட்டு வராமல் நின்றுவிட்டது. தட்டியும் வரவில்லை, கம்பி விட்டும் வரவில்லை. பந்தயத்துக்கு நாள் நெருங்கிவிட்டது என்று முதலாளி கத்தினார். கார்மேகம் அப்படியே முனையை மூடி ஒட்டிவிட்டார். அவர் கை செய்த ஒரே திருட்டு வேலை.

டிரில்லை எடுத்துக்கொண்டு மல்லாந்து காருக்கு அடியில் சரிந்தார். யாரும் பிடிப்பதற்குள் டிரில் பிட் அந்தப் பின்வளைவில் இறங்கிவிட்டது. அபூ ஃபஹத் போட்ட சத்தம் டிரில் சத்தத்தில் கேட்கவில்லை. பிட்டை உருவியதும் துளையிலிருந்து மணல் கொட்டியது. முதலில் ஒரு கட்டி, பிறகு நூல் மாதிரி ஒழுக்கு. அவர் முகத்திலேயே விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார்.

"பாலாத்து மணலு. செங்கல்பட்டுலேருந்து லாரியில வந்தது. வேலையில தப்பு விட்டு அடைச்சு வெச்சதும் நான்தான். போதுமா இப்ப?"

கொட்டிய மணலை எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பிறகு கலீலுர் ரஹ்மான்தான் சொன்னார்: "குவைத்துல ஓட்டை போட்டா மணலு வராம மாம்பழ ஜூஸாண்ணே வரும்?"

சிரிப்பு வெடித்தது. பாகிஸ்தானிகள் உருதுவில் மாற்றிச் சொல்லி இன்னொரு முறை சிரித்தார்கள். கார்மேகம் உள்ளங்கையில் மணலை ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். "இந்த ஊரு மணலு மாவு மாதிரி இருக்கும்யா. இது பருமணலு. மினுக்கும் பாரு." நேராகச் சேதுராமனிடம் போய் நீட்டினார். "சார், உங்க ஊரு ஆறு. நீங்க சொல்லுங்க."

சேதுராமன் ஒரு சிட்டிகை எடுத்தார். கட்டைவிரலால் விரலில் தேய்த்தார். வெயிலில் அது மினுங்கியது. வாலாஜாவில் பிறந்து அந்த ஆற்றில் விழுந்து புரண்டவருக்கு அதை அடையாளம் காண எவ்வளவு நேரம் ஆகும்? ஆகவில்லை. கார்மேகம் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே அந்த அடையாளம் வந்ததையும் பார்த்தார்.

கிழவர் ஏதோ கேட்டார். சேதுராமன் கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டு இங்கிலீஷில் பதில் சொன்னார். அதில் 'ஃபேக்டரி' என்ற வார்த்தையும் 'ஒரிஜினல்' என்ற வார்த்தையும் கார்மேகத்துக்குப் புரிந்தன. கிழவரின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. புகையிலை டப்பாவைத் தட்டிக் காலி செய்துவிட்டு, குனிந்து, கார்மேகத்தின் உள்ளங்கையிலிருந்து மணலை ஒரு பருக்கை விடாமல் அதற்குள் தள்ளிக்கொண்டார். தேங்க்யூ என்றார்.

"என்ன சொன்னாரு பாய்?" என்று கேட்டார் கார்மேகம்.

"அந்தக் காலத்துல இங்கிலாந்துலயும் மணலு போட்டுத்தான் வளைப்பாங்களாம்ணே. நாப்பது வருஷத்து மணலாம். இது ஒண்ணே போதும், வண்டி அசல்னு சொல்லிட்டாராம்." கலீலுர் ரஹ்மான் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

வண்டி விற்றுப்போயிற்று. மகிழ்ச்சியில் இருந்தும் அபூ ஃபஹத் அந்தத் துளையை மன்னிக்கவில்லை. கார்மேகத்தின் பாஸ்போர்ட்டை எடுத்து வைக்கச் சொன்னார். விசா கேன்சல். துளையை மூடி ஒட்ட வேண்டும் என்றதும் கார்மேகத்தின் கை பழக்கத்தில் வெல்டிங் கண்ணாடிக்குப் போனது. அபூ ஃபஹத் விரலை ஆட்டினார். "இன்த்த மாஃபி, நீ வேணாம். மணலி, நீ வா."

அழகுமலை படுத்து ஒட்டு வைத்தான். வெல்டிங் மெஷினில் கரண்டைக் கூட்டி வைத்திருந்தான். சத்தத்தைக் கேட்டே கார்மேகத்துக்குத் தெரிந்துவிட்டது.

"கரண்டைக் குறைடா. குழாய் பொத்துப்போகும்."

அழகுமலை முகமூடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தான். "நான் மணலிடிக்கிறவண்ணே. எனக்கு அம்புட்டுதான் வரும்" என்றான். மறுபடி முகமூடியைக் கவிழ்த்துக்கொண்டான்.

நாலாம் நாள் கார்மேகம் பம்பாய்க் கப்பலில் ஏறினார். கப்பலில் வைத்துத் தன் பெட்டியைத் திறந்தபோது துணிகளுக்கு மேலே இரண்டு துண்டுத் தகடு இருந்தது. சம்மட்டி அடித்த தழும்போடு. எடுத்துக் கடலில் போட்டிருக்கலாம். ஏனோ போடவில்லை.

இரண்டு வருடம் கழித்து, லீவில் கீழக்கரைக்குப் போகிற வழியில் கலீலுர் ரஹ்மான் புதுப்பேட்டைக்கு வந்தார். கார்மேகம் அங்கே ஓர் இடுக்கில் சைக்கிள் ஃபிரேம்களுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களுக்கு அந்தக் காரின் கதை மனப்பாடம். "வண்டி எங்க இருக்கு இப்ப, லண்டன்லயா, நிலாவுலயா?" என்று கேட்டுவிட்டுத்தான் டீ சொல்வார்கள். அழகுமலை இப்போது குவைத்துப் பட்டறையில் தலை வெல்டர் என்று கலீலுர் ரஹ்மான் சொன்னார். சேதுராமன் கொடுத்ததாக ஒரு புத்தகத் தாளை நீட்டினார். எதற்குக் கொடுத்தார் என்று கேட்டதற்கு, "தெரியலண்ணே, கார்மேகம் பார்ப்பாருன்னு சொன்னாரு" என்றார்.

வழவழப்பான தாளில் கலர் படம். கண்ணாடி மண்டபத்தில் பச்சைக் கார். சட்டம் தெரிவதற்காக அடியில் பெரிய நிலைக்கண்ணாடி போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பீடத்தில் சின்ன சீசா, அதில் மணல். கீழே இருந்ததைக் கலீலுர் ரஹ்மான் எழுத்துக் கூட்டிப் படித்தார். 1935-ல் இங்கிலாந்துத் தொழிலாளிகள் குழாய் வளைக்கப் போட்ட மணல். கண்டுபிடித்தவர் சேதுராமன்.

பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இதுதான் நீ செஞ்ச வண்டியா? எங்க, உன் பேரைக் காணோமே."

கார்மேகம் பேரைத் தேடவில்லை. தாளை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை இடுக்கி, நிலைக்கண்ணாடியில் தெரிந்த இடது பக்கக் குழாயையே பார்த்தார். பின்வளைவில், டிரில் இறங்கிய இடத்தில் ஒரு சிறிய கட்டி, பெயின்டுக்கு அடியில் பருவாட்டம் புடைத்துக்கொண்டு நின்றது. ஆயிரம் பேர் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பார்க்கிற இடம்.

விரலில் இருந்த கரியால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். கடைக்காரரிடம் காட்டினார்.

"இந்த ஒட்டு நான் வெச்சது இல்ல" என்றார்.